கணக்கும் வழக்கும்: அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸை நிர்ணயிப்பது, வசூலிப்பது, பொது இடச் சண்டைகளைத் தீர்ப்பது

சென்னையிலோ கோவையிலோ இருபது வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மென்டின் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேச்சு இரண்டு இடங்களில்தான் சூடு பிடிக்கும். மெயின்டெனன்ஸ் ஏன் ஏறியது என்பது ஒன்று. அந்த இடத்தை அவர் எப்படிப் பிடித்துக்கொண்டார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே. தொகையை யாரோ உத்தேசமாகச் சொல்லியிருப்பார்கள், விதியை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் பெயர் அடிபட்ட பிறகு விதி எழுத உட்கார்ந்தால், அது அவரைக் குறிவைத்து எழுதியதாகவே தெரியும். அதனால் முதலில் கணக்கு, அடுத்து விதி, அதன் பிறகே வசூல் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு அபார்ட்மென்ட்களுக்கானது.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

விற்பனைப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், சங்கத்தின் துணைவிதி (பைலா), அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். இந்த நான்கையும் முன்னால் வைத்துக்கொள்ளாமல் எந்தத் தகராறையும் பேசத் தொடங்க வேண்டாம். யூடிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி, கார் நிறுத்துமிடம் எந்த எண், மொட்டை மாடியைப் பற்றித் தனி வரி ஏதும் இருக்கிறதா என்பவை பத்திரத்தில் தெரியும். மெயின்டெனன்ஸை எந்த அடிப்படையில் பிரிப்பது, பாக்கிக்கு வட்டி உண்டா, கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பவை துணைவிதியில் இருக்கும்.

பெரும்பாலான சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். ஒரு குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நான்கைந்து ஆண்டுகளாகத் தாக்கலே செய்யாத சங்கங்கள் நிறைய உண்டு. பாக்கிக்காரர் மீது வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடுவது அந்த ஓட்டையைத்தான். வசூலை இறுக்குவதற்கு முன் நிலுவையிலுள்ள தாக்கல்களை முடித்துவிடுங்கள். 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடி உடைமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய துணைவிதியை வைத்திருப்பவர்கள் அதைப் புதிய சட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது நல்லது.

தொகையை எப்படிப் போடுவது

"பக்கத்து அபார்ட்மென்டில் 3,000 வாங்குகிறார்கள், நாமும் வாங்குவோம்" என்று தொடங்கினால் இரண்டாம் வருடமே துண்டு விழும். ஓர் ஆண்டின் செலவை எழுதி, 12ஆல் வகுத்துத்தான் வர வேண்டும். 24 ஃபிளாட் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 12 ஃபிளாட் 1,000 சதுர அடி, 12 ஃபிளாட் 1,400 சதுர அடி, மொத்தம் 28,800 சதுர அடி. கீழே உள்ள தொகைகள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதச் செலவு, ரூபாயில்:

பகல், இரவு செக்யூரிட்டி இருவர்: 32,000
கூட்டிப் பெருக்கித் துடைக்க ஒருவர்: 12,000
பொது மின்சாரம் (மோட்டார், லிஃப்ட், விளக்கு): 9,000
லாரித் தண்ணீர், ஆண்டுச் சராசரி: 10,000
லிஃப்ட் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்: 4,000
ஜெனரேட்டர் டீசலும் சர்வீஸும்: 3,000
பிளம்பர், எலக்ட்ரீஷியன்: 3,000
சில்லறை ரிப்பேர்: 5,000
சம்ப், மேல்டேங்க் கழுவுதல்: 2,000
காப்பீடு, ஆடிட்டர், பதிவாளர் தாக்கல்: 2,000
எதிர்பாராச் செலவு: 4,400

மொத்தம் 86,400. சதுர அடிக்கு 3 ரூபாய் என்று போட்டால் சிறிய ஃபிளாட்டுக்கு 3,000, பெரியதற்கு 4,200. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் எல்லோருக்கும் 3,600. ஆண்டுக் கணக்கில் எந்தக் கூட்டமும் தீர்க்காத தகராறு இந்த 600 ரூபாய் வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வாட்ச்மேன் எல்லா வீட்டுக்கும் ஒரே கேட்டைத்தான் காக்கிறார் என்பார் பெரிய ஃபிளாட்காரர். கட்டடத்தில் என் பங்கு குறைவு என்பார் சிறிய ஃபிளாட்காரர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பாதியைச் சமமாகவும் பாதியைப் பரப்பளவுப்படியும் பிரித்தால் வீட்டுக்கு 1,800, அதோடு சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய். சிறியதற்கு 3,300, பெரியதற்கு 3,900. நீண்ட நாள் இழுபறிக்கு இந்த வழி பலமுறை முடிவு கட்டும். ஆனால் துணைவிதியில் வேறு முறை எழுதியிருந்தால், முதலில் துணைவிதியைத் திருத்த வேண்டும். அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. 21 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் கூட்டி, வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால்தான் அது நிறைவேறும். கமிட்டி தானாக மாற்றினால் அது செல்லாது.

பெயின்ட், லிஃப்ட் மாற்றம் போன்ற பெருஞ்செலவை இந்தத் தொகைக்குள் திணிக்க வேண்டாம். வெளிச்சுவர் பெயின்டுக்கு 6 ஆண்டு கழித்து 9 லட்சம் வேண்டும் என்றால் மாதம் 12,500. லிஃப்ட் மாற்ற 20 ஆண்டு கழித்து 15 லட்சம் வேண்டும் என்றால் மாதம் 6,250. இரண்டும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 65 காசு. இதைச் சின்க்கிங் ஃபண்ட் என்று தனி வங்கிக் கணக்கில் போட்டு, டெபாசிட்டாக மாற்றிவிடுங்கள். கணக்கு ஒன்றாக இருந்தால் வாட்ச்மேன் சம்பளத்துக்கு அந்தப் பணம் கரைந்துவிடும், பெயின்ட் அடிக்கும் வருடம் வீட்டுக்கு 40,000 கொடு என்று கேட்க நேரும். பெரிய சண்டைகளில் பாதி அந்த வருடம்தான் தொடங்குகின்றன. டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணத்துக்குக் கிடைக்கும் விலக்கு வங்கி வட்டிக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் பெங்களூர் கிளப் வழக்கில் சொல்லிவிட்டது.

மின்கட்டண பில்லையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அபார்ட்மென்ட் பொது இணைப்புகளுக்கு 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ற தனிப் பட்டியல் வந்தது. 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிக்கு மேல் போகாமல், லிஃப்டும் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பர் முதல் 5.50 ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு கட்டணங்கள் திருத்தப்பட்டிருந்தாலும் இந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. சின்னக் கட்டடம் தவறான பிரிவில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி பற்றி வீண் பயம் வேண்டாம். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. 7,500ஐத் தாண்ட வேண்டும், சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்ட வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் 18 சதவீதம். தாண்டினால் முழுத் தொகைக்கா, மிகுதிக்கு மட்டுமா என்ற கேள்வியில் மிகுதிக்கு மட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வரித்துறையின் 2019 சுற்றறிக்கை முழுத் தொகைக்கும் என்கிறது. 8,000, 9,000 வாங்கும் சங்கங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

லாரித் தண்ணீர்

செலவுப் பட்டியலில் அதிகம் சந்தேகத்துக்கு உள்ளாகும் வரி இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. 24 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் நாளைக்கு 12,960 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்றும் கொஞ்சமும். போர் வற்றிய மாதத்தில் தினம் இரண்டு லாரி வருகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் ஃபிளஷ் டேங்குகளைப் பாருங்கள். அடுத்து மேல்டேங்கின் மிதவை வால்வு.

வந்த தண்ணீரை அளப்பது எளிது. மோட்டாரை நிறுத்திவிட்டு, லாரி இறக்குவதற்கு முன்னும் பின்னும் சம்பில் அளவுக்கோலை விட்டுப் பாருங்கள். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள சம்பில் 12,000 லிட்டர் இறங்கினால் மட்டம் 1 மீட்டர் ஏற வேண்டும். 80 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் வந்தது 9,600 லிட்டர். வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுங்கள். தேதி, நேரம், லாரி எண், முன் அளவு, பின் அளவு, கையெழுத்து. இந்த நோட்டைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தால் டிரஷரர் மீது யாரும் வாய்க்கு வந்ததைப் பேச முடியாது.

"நான் ஏன் கட்ட வேண்டும்?"

தரைத்தள ஃபிளாட்காரர் லிஃப்டுக்குப் பணம் தர மறுப்பார். லிஃப்ட் பொதுச் சொத்து, அவருடைய பிரிபடாத பங்கு அதிலும் இருக்கிறது. மாற்றுச் செலவில் அவருக்கு விலக்கு கொடுப்பது சரியல்ல. ஓட்டும் செலவில் ஒரு சிறு பகுதியைப் பொதுக்குழு விரும்பினால் குறைக்கலாம். நம் உதாரணத்தில் லிஃப்ட் ஒப்பந்தம் வீட்டுக்கு மாதம் சுமார் 167 ரூபாய்தான். இந்த எண்ணைச் சொன்னாலே பலர் அமைதியாவார்கள்.

வீடு பூட்டிக் கிடக்கிறது, வெளிநாட்டில் இருக்கிறேன் என்பவருக்கும் பதில் கணக்கில்தான் இருக்கிறது. செக்யூரிட்டியும் லிஃப்டும் பெயின்டும் அவர் வீட்டையும் சேர்த்தே. லாரித் தண்ணீர்ப் பங்கை மட்டும், மூன்று மாதத்துக்கு மேல் பூட்டியிருப்பதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் கழிக்கலாம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து பழைய தேதிக்குக் கேட்டால் கிடையாது.

விற்காத ஃபிளாட்களுக்குப் பில்டர்தான் உரிமையாளர். மற்ற உரிமையாளர்களைப் போல அவரும் கட்ட வேண்டும் என்பதைச் சங்கத்தை ஒப்படைக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடுகளில் மெயின்டெனன்ஸ் யார் கட்டினாலும் சங்கத்துக்குப் பொறுப்பாளி உரிமையாளரே. குடியிருப்பவரை நிறுத்திவைத்துப் பாக்கி கேட்காதீர்கள்.

பாக்கி வசூல்

மாதம் 1 முதல் 10ஆம் தேதிக்குள், வங்கிக் கணக்கில், குறிப்பில் ஃபிளாட் எண்ணோடு. ரொக்கம் வேண்டாம். காசோலைக்கு இருவர் கையெழுத்து. அடுத்த மாதம் 15க்குள் வரவு செலவு ஒரு பக்கத்தில் அறிவிப்புப் பலகையில். நேர்மையான கமிட்டிகள்கூடக் கணக்கை ஆறு மாதம் உள்ளே வைத்துக்கொண்டு கெட்ட பெயர் வாங்குகின்றன. கணக்கைக் காட்டாத சங்கத்துக்குப் பணம் தர மறுப்பவரைக் கூட்டமும் ஆதரிக்கும், அதில் வியப்பில்லை.

10ஆம் தேதி தாண்டினால் 15ஆம் தேதி ஒரு குறுஞ்செய்தி. இரண்டு மாதம் தாண்டினால் கடிதம். கடிதத்தில் அறிவுரை வேண்டாம், கணக்கு போதும்:

"ஃபிளாட் பி-3. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மாதம். மெயின்டெனன்ஸ் 3,900, சின்க்கிங் ஃபண்ட் 910, மாதம் 4,810 வீதம் 28,860 ரூபாய். ஜூன் 12 அன்று வரவு 9,620. நிலுவை 19,240. கணக்கில் பிழை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையெனில் அக்டோபர் 31க்குள் செலுத்தவும். தவணை வேண்டுமானால் டிரஷரரிடம் எழுதிக் கொடுக்கலாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேலை போனவர், மருத்துவச் செலவில் இருப்பவர் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். ஆனால் தவணை கேட்டு எழுதுவார். அப்படி அவர் கையெழுத்திட்டு எழுதும் கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பணப் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டு காலவரம்பு. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். "எங்கே போய்விடப் போகிறார், விற்கும்போது பிடித்துக்கொள்ளலாம்" என்று எட்டு வருடம் விட்டுவைத்த சங்கங்கள் பழைய ஐந்து வருடத்தை இழக்கின்றன.

வட்டி துணைவிதியில் இருந்தால் மட்டுமே கேட்கலாம். ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி என்றால் நீதிமன்றத்தில் சொல்லவும் கூச்சமிருக்காது. நாளுக்கு 50, 100 என்று அபராதம் போட்டால் அசலைவிட அபராதம் பெரிதாகி, அசலும் வராமல் போகும்.

தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், லிஃப்ட் இவற்றை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வீட்டில் முதியவரும் குழந்தையும் இருப்பார்கள், அது முதல் காரணம். நிறுத்திய மறுநாள் பாக்கிக்காரர் புகார்தாரராகிவிடுவார், சங்கம் பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடும் என்பது அடுத்தது. குடியிருப்பவர் வாடகைதாரர் என்றால் அத்தியாவசியச் சேவையை வீட்டு உரிமையாளரோ சொத்து மேலாளரோ நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே தடுக்கிறது. துணைவிதி இடம் கொடுத்தால் பார்ட்டி ஹால், ஜிம், நீச்சல் குளம் ஆகியவற்றின் முன்பதிவை நிறுத்தலாம், சங்கத் தேர்தலில் நிற்பதைத் தடுக்கலாம். பெயரைக் கேட்டில் ஒட்டி அவமானப்படுத்துவதும் வேண்டாம். உறுப்பினர்களுக்கான கணக்கில் ஃபிளாட் எண்ணும் தொகையும் இருந்தால் போதும்.

கடிதத்துக்கும் பலனில்லை என்றால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பிறகு நேராக வழக்குக்குப் போகாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் சமரசம் எழுதப்பட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. இருபது, முப்பதாயிரம் பாக்கிக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

மொட்டை மாடி

ரெரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடி, மாடிப்படி, லிஃப்ட், பூங்கா, திறந்தவெளி வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பொது இடமாக வரையறுக்கிறது. பழைய கட்டடங்களில் மேல்தளத்துக்காரர் பத்திரத்தில் மாடி உரிமை என்று ஒரு வரி இருக்கலாம். அப்படியானால் அது பத்திர வாசகப் பிரச்சினை, வழக்கறிஞரிடம் காட்ட வேண்டியது. கூட்டத்தில் கத்தித் தீராது.

அந்த வரி இல்லாத இடத்தில், சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும், கேட்டவருக்குக் கிடைக்கட்டும். துணி காயப்போடக் கொடிகளுக்கு ஃபிளாட் எண் எழுதிவிடுங்கள். வடகம், வத்தல் காயவைக்க நிழல் விழாத ஒரு மூலையைப் பொதுவில் ஒதுக்குங்கள். சோலார் தகடு வைக்க விரும்புபவருக்கு அவர் பங்குக்கு ஏற்ற பரப்பை மட்டும், தளத்தில் துளை போடாமல் என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். பூந்தொட்டிக்கு அடியில் தாங்கி வைக்க வேண்டும். நேரடியாகத் தளத்தில் வைத்தால் வேர் இறங்கி ஓட்டுத்தளம் விரிசல் விடும்.

வீட்டுக் கூரையில் ஒழுகினால் யார் செலவு? மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் தெரிந்தால் மொட்டை மாடியோ வெளிச்சுவரோ காரணம், அது பொதுச் செலவு. மேல்வீட்டில் குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் குளியலறைத் தரை அல்லது கழிவுக் குழாய், அது மேல்வீட்டுக்காரர் பொறுப்பு. வீடு பூட்டியிருந்தாலும் ஈரம் குறையவில்லை என்றால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு. ஊகத்தில் சண்டை போடுவதற்குப் பதில் சோதித்துவிடலாம். மாடியில் மழைநீர் இறங்கும் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கீழே கவனியுங்கள். குளியலறைக்கு டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) அடைத்து 24 மணி நேரம். தொடங்கும்போதும் முடியும்போதும் இரு வீட்டாரும் பக்கத்தில் நிற்க, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையைத் தட்டி உடைக்கும் முன் இதைச் செய்யாததால், தவறான இடத்தை உடைத்து இரட்டைச் செலவு செய்கிறவர்கள் அதிகம்.

வண்டி நிறுத்துமிடம்

இங்கேதான் உறவுகள் முறிகின்றன. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்து, தரையில் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று கோடு போட்டு எண் எழுதுங்கள். பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ எண் உள்ளவருக்கு அந்த எண். மிச்சம் எத்தனை என்பது அப்போதுதான் தெரியும். பில்டர் ஸ்டில்ட் நிறுத்துமிடத்தை (கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள இடம்) தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. திறந்தவெளி இடம் ரெராவின்படி பொதுவானது. மிச்ச இடங்களை ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கலில் கொடுப்பது நல்லது. "நான் பத்து வருடமாக இங்கேதான் விடுகிறேன்" என்பதற்கு இடமில்லாமல் போகும். விருந்தினர் இடத்தில் இரவு எத்தனை நாள் நிறுத்தலாம் என்று எண் போட்டு எழுதுங்கள், மாதத்துக்கு நான்கு இரவு என்பது போல.

டயரில் காற்றைப் பிடுங்குவது, சக்கரத்துக்குப் பூட்டு போடுவது, குறுக்கே வண்டியை நிறுத்துவது எல்லாம் உங்கள் மீதே போலீஸ் புகாராகத் திரும்பும். தேதியுடன் படம், கடிதம், மூன்றாவது முறை பொதுக்குழு, அதுதான் வழி. மின்வாகனத்துக்கு அவரவர் மீட்டரிலிருந்து தனி இணைப்பு, இல்லையென்றால் சப்மீட்டர். பொது மீட்டரில் சொருக விட்டால் அடுத்த மாதமே பில் சண்டை.

பார்ட்டி ஹாலும் மற்றவையும்

முன்பதிவுக்கு ஒரே நோட்டு, ஒரே ஆள். வாடகை, முன்பணம், முடியும் நேரம் மூன்றும் நோட்டின் முதல் பக்கத்தில். மின்சாரத்துக்குச் சப்மீட்டர் வைத்து, விழாவுக்கு முன்னும் பின்னும் எண்ணைக் குறியுங்கள். ஏசி ஓடியதா இல்லையா என்ற வாக்குவாதம் அதோடு முடியும். சீமந்தமும் பிறந்தநாளும் முன்பதிவு வரிசையில் வரட்டும். துக்க வீட்டுக் காரியத்துக்கு மட்டும் வாடகையில்லாமல், வரிசையைத் தாண்டிக் கொடுக்கலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டாரை செகரட்டரியிடம் அனுமதி கேட்டு நிற்க வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பத்து மணி என்பது சங்கத்தின் பிடிவாதம் இல்லை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி.

ஜிம், நீச்சல் குளத்தை வாடகைக்குக் குடியிருப்பவர் பயன்படுத்தலாமா? உரிமையாளருக்குப் பதிலாக அவர் பயன்படுத்தலாம், இருவரும் சேர்ந்து இல்லை. மாணவர்கள், தனி ஆட்கள் என்று பிரித்துத் தடுக்க வேண்டாம். ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் போதும்.

நாய் வளர்ப்பதை முற்றாகத் தடைசெய்யும் துணைவிதி நிற்காது. விலங்கு நல வாரியம் 2015இலேயே அதைச் சொல்லியிருக்கிறது, லிஃப்டில் ஏறக் கூடாது என்பதும் அப்படித்தான். கேரள உயர் நீதிமன்றம் 2021இல் அத்தகைய விதிகள் செல்லாது என்றது. கழுத்துவார் போட்டு அழைத்து வருவது, அசுத்தத்தை உரிமையாளரே எடுப்பது, தடுப்பூசிச் சான்று இவற்றைக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு. காரிடாரில் செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் தீ விபத்தில் வழியை அடைக்கும். கோலமும் அகல் விளக்கும் அடைக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்து விதி எழுதுங்கள்.

முடிவை எப்படி எழுதுவது, எங்கே முறையிடுவது

வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போட்டது தீர்மானம் ஆகாது. நிகழ்ச்சி நிரலில் விஷயம் இருக்க வேண்டும், வரைவு வாசகம் முன்பே எல்லோருக்கும் போயிருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதுங்கள்: "விருந்தினர் இடம் 4, 5, 6. ஒரு ஃபிளாட்டின் விருந்தினர் மாதத்துக்கு 4 இரவு வரை நிறுத்தலாம். மீறினால் இரண்டு கடிதம், பிறகு பொதுக்குழு. முன்மொழிந்தவர் ஏ-2, வழிமொழிந்தவர் சி-1. ஆதரவு 15, எதிர்ப்பு 4, நடுநிலை 1. ஜனவரி 1 முதல்." எதிர்ப்பு நான்கு என்று எழுதுவதற்குத் தயங்காதீர்கள். தங்கள் எதிர்ப்பு பதிவானது என்று தெரிந்தால் அந்த நால்வரும் விதிக்குக் கட்டுப்படுவார்கள்.

குறை உள்ளவர் முதலில் செகரட்டரிக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் பொதுக்குழு. சங்கத்தின் கணக்கிலோ நடப்பிலோ முறைகேடு என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்கீழ் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். 24 பேரில் 8 பேர். தனியாக ஒருவர் அனுப்பும் மனுவுக்கு அந்த வலு இல்லை. இரண்டு வீட்டாருக்கு இடையிலான சுவர், ஒழுகல், உரிமைத் தகராறைப் பதிவாளர் தீர்க்க மாட்டார், அது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது. மிரட்டல், கைகலப்பு என்றால் மட்டும் காவல் நிலையம்.

பில்டர் மீதான குறைக்கு இடம் வேறு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து எழுத்தில் தெரிவித்தால் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டியது அவர் கடமை. அதனால் நாலரை ஆண்டு ஆனதும் கட்டடம் முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, விரிசல், ஒழுகல், துருப்பிடித்த கம்பி எல்லாவற்றையும் படத்தோடு பட்டியலிட்டு அனுப்பிவிடுங்கள். கூடவே கேட்க வேண்டியவை: கார்ப்பஸ் ஃபண்ட் (வீடு விற்கும்போது பராமரிப்புக்கென்று பில்டர் வாங்கி வைத்த வைப்புத்தொகை) வட்டியோடு, அதன் தணிக்கைக் கணக்கு, பணிநிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், மின்வாரிய டெபாசிட் ரசீதுகள், குழாய் ஓடும் தடத்தின் வரைபடம். கடைசியாகச் சொன்ன வரைபடம் இல்லாத கட்டடத்தில் ஒரு கசிவைத் தேடி மூன்று இடத்தில் தரையை உடைப்பார்கள்.